பனியில் நின்ற காருக்குள் உறங்கலாமா? ஹீட்டர் எப்போது ஆபத்தாகிறது

புதுடெல்லி: இமாச்சலப் பிரதேசத்தின் மணாலிக்கு அருகே, சோலாங் பள்ளத்தாக்குக்கும் அடல் சுரங்கப்பாதைக்கும் இடைப்பட்ட சாலையில், 2024 டிசம்பர் 23-ஆம் தேதி சுமார் ஆயிரம் வாகனங்கள் பனிப்பொழிவில் சிக்கிக்கொண்டன. நான்கு நாள்கள் கழித்து, 27-ஆம் தேதி, அதே சோலாங் பகுதியில் மீண்டும் வாகனங்கள் அசைய வழியின்றி நின்றன. அன்று சுமார் 5,000 சுற்றுலாப் பயணிகளைக் காவல் துறையினர் மீட்டனர். வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, பல குடும்பங்கள் மணிக்கணக்கில் காருக்குள்ளேயே காத்திருந்தன.

அவ்வாறு காத்திருக்கும் எவருக்கும் தோன்றும் முதல் யோசனை ஒன்றுதான். கண்ணாடிகளை முழுவதும் ஏற்றிவிட்டு, என்ஜினை அணைக்காமல், ஹீட்டரைப் போட்டுக்கொண்டு கண்ணயர்ந்துவிடலாம் என்பதே அது. குளிர்காலச் சாலைப் பயணத்தில் உயிரைப் பறிக்கக்கூடிய முடிவும் அதுவே. நின்றுவிட்ட காருக்குள் கம்பளியுடன் இருப்பவருக்கு ஓர் இரவுக் குளிரைத் தாங்கும் வாய்ப்பு பெரும்பாலும் உண்டு. பனியால் அடைபட்ட புகைக்குழாயிலிருந்து உள்ளே கசியும் கார்பன் மோனாக்சைடு வாயுவைத் தாங்கும் வாய்ப்பு அவருக்குக் கிடையாது.

சுரங்கப்பாதை திறந்த பிறகு

மணாலியில் பனி பெய்வது புதிதல்ல. ஆனால், இவ்வளவு கார்கள் ஒரே மாலையில் உயரமான இடத்தில் சிக்குவது அண்மைக்கால நிகழ்வு. 9.02 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை 2020 அக்டோபர் 3-ஆம் தேதி திறந்துவைக்கப்படும் வரை, மணாலியிலிருந்து லாஹௌல் பள்ளத்தாக்குக்குச் செல்ல 3,978 மீட்டர் உயரமுள்ள ரோதாங் கணவாயைக் கடக்க வேண்டியிருந்தது. குளிர்காலத்தில் அந்தக் கணவாய் மூடிக்கிடக்கும். சாதாரணக் காரில் அங்கு செல்லும் எண்ணமே எவருக்கும் எழாது. இன்று மணாலியில் காலை உணவை முடித்துக்கொண்டு புறப்படும் ஒருவர், நண்பகலுக்குள் சுரங்கத்தின் மறுமுனையில், 3,000 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில், சிஸ்ஸு கிராமத்தருகே பனியில் விளையாடிக்கொண்டிருக்க முடியும்.

சிக்கல் திரும்பும்போதுதான் தொடங்குகிறது. மத்தியத் தரைக்கடல் பக்கமிருந்து வரும் மேற்கத்திய இடையூறு எனப்படும் காற்றழுத்த அமைப்புகளே டிசம்பர் முதல் மார்ச் வரை இமயமலைப் பகுதிகளில் பனியைக் கொண்டுவருகின்றன. பிற்பகலில் பனி விழத் தொடங்கினால், சுரங்கத்தின் மறுபுறம் இருப்பவர்கள் அனைவரும் ஒரே நேரத்தில் கீழே இறங்க முற்படுகின்றனர். சக்கரங்களால் அழுந்திய பனி, வெயில் மறைந்ததும் கண்ணாடி போன்ற உறைபனிப் படலமாகிறது. சமவெளிக்கென வடிவமைக்கப்பட்ட டயர்களுடன் வந்த ஒரு கார் வழுக்கிக் குறுக்கே நின்றால் போதும். பின்னால் வரும் வரிசை முழுவதும் நின்றுவிடும். சக்கரங்களில் சங்கிலி பூட்டிய நான்கு சக்கர இயக்க வாகனம் வைத்திருப்பவரும் அந்த வரிசையில் அடங்குவார் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. எனவே, காருக்குள் இரவைக் கழிக்க நேருவதற்கு ஓட்டுநரின் பிழை காரணமாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

முர்ரீயில் நடந்தது

இந்த ஆபத்தின் முழு அளவை உலகுக்குக் காட்டியது பாகிஸ்தானின் முர்ரீ. இஸ்லாமாபாத்துக்கு வடகிழக்கே சுமார் 2,300 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள இந்த மலை நகரத்துக்கு, பனிப்பொழிவைக் காண 2022 ஜனவரி முதல் வாரத்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான கார்கள் வந்ததாக அந்நாட்டு அமைச்சர் ஒருவரே தெரிவித்திருந்தார். ஜனவரி 7-ஆம் தேதி இரவு பனிப்புயல் வீசியது. மரங்கள் சாய்ந்து சாலைகள் அடைபட்டன. கார்கள் நின்ற இடத்திலேயே பனியில் புதைந்தன.

மறுநாள் காலை மீட்புக் குழுவினர் கார்களின் மீதிருந்த பனியை விலக்கியபோது, 10 குழந்தைகள் உள்பட குறைந்தது 22 பேர் உயிரிழந்திருந்தது தெரியவந்தது. அவர்களுள் இஸ்லாமாபாத் காவல் துறையைச் சேர்ந்த ஒருவரும் அவருடைய குடும்பத்தினரும் அடங்குவர். குளிரில் உறைந்து இறந்தனர் என்றே முதலில் கூறப்பட்டது. பின்னர், ஓடிக்கொண்டிருந்த என்ஜின்களின் புகை காருக்குள் புகுந்ததே பல மரணங்களுக்குக் காரணம் என்ற தகவல்கள் வெளியாயின. ஒருவர் குளிரால் இறந்தாரா, நச்சுவாயுவால் இறந்தாரா என்பதை வெளித்தோற்றத்தை மட்டும் வைத்து முடிவு செய்வது கடினம். காரணம், இரண்டிலும் முதலில் வருவது சோர்வும் தூக்கமும்தான்.

இது மலைப்பகுதிகளுக்கு மட்டும் உரிய ஆபத்தும் அல்ல. 1996 ஜனவரியில் அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரையைத் தாக்கிய பனிப்புயலின்போது, நியூயார்க், பிலடெல்பியா ஆகிய பெருநகரங்களிலேயே, பனியில் புதைந்த கார்களுக்குள் என்ஜினை ஓடவிட்டு அமர்ந்திருந்தவர்கள் நச்சுவாயுவுக்கு ஆளாயினர். அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் இதைத் தனி அறிக்கையாகவே பதிவு செய்தது. வீட்டு வாசலில், நகரத்தின் நடுவில், உதவி கூப்பிடு தொலைவில் இருக்கும்போதே இது நிகழ முடிகிறது.

வாயு உள்ளே வருவது எப்படி

எரிபொருள் முழுமையாக எரிந்தால் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் உண்டாகும். போதிய ஆக்சிஜன் இன்றி அரைகுறையாக எரிந்தால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். இதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணையோ தொண்டையையோ உறுத்துவதும் இல்லை. புகை நாற்றம் வந்தால் விழித்துக்கொள்ளலாம் என்று நம்பி உறங்குவது வீண். வாயு மட்டும் உள்ளே வந்து, நாற்றம் வராமலே போகக்கூடும்.

தற்காலக் கார்களில் கேட்டலிடிக் கன்வர்ட்டர் எனும் கருவி, புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடின் பெரும்பகுதியை மாற்றிவிடுகிறது. புதிய கார், மாசுக் கட்டுப்பாட்டு விதிகளுக்கு உட்பட்டது, ஆகவே பயமில்லை என்ற வாதம் இங்கிருந்துதான் பிறக்கிறது. ஆனால், அந்தக் கருவி நன்கு சூடேறிய பிறகே வேலை செய்யும். குளிர்ந்த என்ஜினை இயக்கிய முதல் சில நிமிடங்களில் புகையில் நச்சு மிக அதிகம். டீசல் என்ஜின்கள் பெட்ரோல் என்ஜின்களைவிடக் குறைவாகவே இந்த வாயுவை வெளியிடுகின்றன. ஆனால், வெளியிடவே இல்லை என்று கூற முடியாது.

திறந்த சாலையில் இந்தப் புகை காற்றில் கலந்து கரைந்துவிடும். பனிப்பொழிவில் நிலைமை வேறு. சைலன்சர் என்று வழக்கில் அழைக்கப்படும் புகைக்குழாயின் வாய், பெரும்பாலான கார்களில் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில்தான் இருக்கிறது. காரின் பின்புறம் பனி குவிந்து அந்த வாயை மூடிவிட்டால், புகை வெளியேற வழியின்றி வண்டியின் அடியில் தேங்குகிறது. சுற்றிலும் பனி சுவர்போல எழுந்திருப்பதால் பக்கவாட்டிலும் அது போக முடிவதில்லை. அடித்தளத்தில் உள்ள சிறு துளைகள், துருப்பிடித்த இணைப்புகள், டிக்கியின் ரப்பர் விளிம்பு என எந்த இடைவெளி கிடைத்தாலும் அதன் வழியே காருக்குள் ஏறுகிறது. கண்ணாடிகள் முழுவதும் மூடப்பட்டிருந்தால் உள்ளே சேர்ந்தது அங்கேயே தங்குகிறது.

நுரையீரலை அடைந்ததும் இந்த வாயு, ரத்தச் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிட ஏறத்தாழ 200 முதல் 250 மடங்கு வலுவாகப் பற்றிக்கொள்கிறது. ஆக்சிஜனைச் சுமக்க வேண்டிய இடங்களை அது பிடித்துக்கொள்வதால், மூச்சு வழக்கம்போல ஓடிக்கொண்டிருக்கும்போதே மூளையும் இதயமும் ஆக்சிஜன் இன்றித் தவிக்கின்றன. தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், கைகால் தளர்ச்சி, குழப்பம் ஆகியவை அறிகுறிகள். உறங்குபவருக்கோ மது அருந்தியவருக்கோ இந்த அறிகுறிகள் தெரியாமலே நினைவு தப்பக்கூடும். குழந்தைகள், கர்ப்பிணிகள், இதய நோயாளிகள் ஆகியோருக்குப் பாதிப்பு விரைவில் ஏற்படுகிறது.

அடல் சுரங்கம் போன்ற பாதைகள் இதில் கூடுதல் குழப்பத்தை உண்டாக்குகின்றன. 2,500 மீட்டருக்கு மேல் விரைவாக ஏறியவர்களுக்கு வரும் உயர மலை நோயின் அறிகுறிகளும் தலைவலி, குமட்டல், சோர்வு ஆகியவையே. மணாலியின் 2,000 மீட்டர் உயரத்திலிருந்து ஓரிரு மணி நேரத்தில் 3,000 மீட்டரைத் தாண்டியவர், காருக்குள் தலை வலிக்கும்போது, உயரத்தின் விளைவு என்று கருதி ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்துவிடுவது இயல்பு. என்ஜின் ஓடும் காருக்குள் ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரே நேரத்தில் தலைவலி வந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது வாயுவைத்தான். கதவைத் திறந்து வெளியே வந்த சிறிது நேரத்தில் தலைவலி குறைகிறது என்றால் சந்தேகம் வலுப்பெறுகிறது.

கண்ணாடியைச் சற்று இறக்கினால் போதுமா?

பயணிகளிடையே பரவலாக நிலவும் அறிவுரை, கண்ணாடியை ஓர் அங்குலம் இறக்கிவைத்துவிட்டு ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உறங்கலாம் என்பது. இதில் பாதி மட்டுமே சரி. காற்று வர வழி இருப்பது எப்போதும் நல்லது. ஆனால், புகைக்குழாய் அடைபட்டிருக்கும்போது, கண்ணாடியின் சிறு இடைவெளி வழியாக வெளியேறும் வாயுவைவிட அடியிலிருந்து உள்ளே வரும் வாயு அதிகமாக இருக்கக்கூடும். காற்று வீசும் திசையைப் பொறுத்து, வெளியே தேங்கிய புகை அந்த இடைவெளி வழியாகவே உள்ளே வரவும் கூடும். புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை அகற்றாமல், கண்ணாடியை மட்டும் நம்புவது பாதுகாப்பாகாது.

அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவை, பனியில் சிக்கியவர்களுக்கு நெடுங்காலமாகக் கூறிவரும் நடைமுறை எளிமையானது. ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 10 நிமிடங்கள் மட்டும் என்ஜினை இயக்க வேண்டும். இயக்கும்போது கண்ணாடியைச் சற்று இறக்கியிருக்க வேண்டும். புகைக்குழாய் அடைபடவில்லை என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். இதன்படி, ஒவ்வொரு முறையும் என்ஜினை இயக்கும் முன் ஒருவர் கீழே இறங்கிப் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை அள்ளிப்போட வேண்டும். மண்வெட்டி இல்லாவிட்டால், கையுறை அணிந்த கையோ சமையல் தட்டோ போதும். அந்தப் பத்து நிமிடங்களில் காரில் இருக்கும் அனைவரும் உறங்கிவிடாமல் ஒருவராவது விழித்திருக்க வேண்டும். உள்ளே உள்ள காற்றையே திரும்பத் திரும்பச் சுழற்றும் பொத்தானை அணைத்து, வெளிக்காற்று வரும்படி வைப்பதும் அவசியம்.

இந்த முறையில் எரிபொருளும் மிச்சமாகிறது. இரவு முழுவதும் ஓடவிட்டால் தீர்ந்துபோகக்கூடிய டேங்க், மணிக்குப் பத்து நிமிடம் என்ற கணக்கில் ஆறில் ஒரு பங்கு மட்டுமே செலவாகும். ஆயினும், பனி இடைவிடாது கொட்டி, கீழே இறங்கிப் புகைக்குழாயைப் பார்க்கவே முடியாத நிலையில், என்ஜினை இயக்காமல் இருப்பதே பாதுகாப்பு.

பனியே இல்லாத இடங்களில்

கேரளத்தின் வடகரையில் 2024 டிசம்பர் 23-ஆம் தேதி, அதாவது சோலாங்கில் கார்கள் சிக்கிய அதே நாளில், சாலையோரம் நிறுத்தப்பட்டிருந்த சொகுசு கேரவன் ஒன்றுக்குள் இருவர் இறந்துகிடப்பது கண்டறியப்பட்டது. அங்கு பனியும் இல்லை, குளிரும் இல்லை. ஏசிக்காக இயக்கப்பட்ட ஜெனரேட்டரின் புகை, வண்டியின் தளத்தில் இருந்த இடைவெளி வழியாக உள்ளே புகுந்ததைக் கோழிக்கோடு என்ஐடி நிபுணர்களின் ஆய்வு பின்னர் வெளிப்படுத்தியது. பின் இருக்கைகளை மடக்கிப் படுக்கையாக்கிக்கொண்டு நாடு சுற்றும் வழக்கம் தென்னிந்திய இளைஞர்களிடமும் பெருகியுள்ள நிலையில், இச்சம்பவம் பெற்ற கவனம் குறைவே. பனி என்பது புகைக்குழாயை அடைக்கும் ஒரு காரணம் மட்டும்தான். சுவரை ஒட்டி நிறுத்திய கார், மூடிய ஷெட், புதருக்குள் பின்னால் செலுத்தி நிறுத்திய வண்டி ஆகியவையும் அதே விளைவைத் தரக்கூடும்.

வட இந்தியாவில் இதன் இன்னொரு வடிவம் அங்கீட்டி. கரியோ விறகோ போட்டு எரிக்கும் இந்தக் கணப்புச் சட்டியை மூடிய அறையில் வைத்துக்கொண்டு உறங்கியவர்கள் இறந்த செய்தி, ஏறக்குறைய ஒவ்வொரு குளிர்காலத்திலும் டெல்லி, ஹரியானா, உத்தரப் பிரதேசம் ஆகிய இடங்களிலிருந்து வருகிறது. 2024 ஜனவரி நடுப்பகுதியில் டெல்லியில் மட்டும் ஒரே நாளில் வெளிச்சத்துக்கு வந்த இரு வேறு சம்பவங்களில், இரண்டு குழந்தைகள் உள்பட ஆறு பேர் உயிரிழந்தனர். நெடுஞ்சாலைகளில் லாரியின் கேபினுக்குள் கணப்புச் சட்டியோ கையடக்க எரிவாயு அடுப்போ வைத்துக்கொண்டு படுக்கும் ஓட்டுநர்களுக்கும் இதே அபாயம் உண்டு. தணல் சிவந்து, புகை அடங்கிவிட்டது என்று தோன்றும் நேரத்திலும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டேதான் இருக்கும். லாரி ஓட்டுநர்களிடம் அடுப்பை அணையுங்கள் என்று அறிவுரை சொல்வது எளிது. அவர்கள் படுத்துறங்கக் கதகதப்பான இடம் நெடுஞ்சாலையில் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு விடை சொல்வது கடினம்.

என்ஜின் இன்றிக் கதகதப்பு

என்ஜினை அணைத்துவிட்டால் குளிரை எப்படித் தாங்குவது? மனித உடலே ஒரு ஹீட்டர் என்பதுதான் இதற்கான விடையின் தொடக்கம். ஓய்வில் இருக்கும் ஒருவரின் உடல் ஏறத்தாழ 100 வாட் அளவு வெப்பத்தை வெளியிடுகிறது. உறக்கத்தில் இது சற்றுக் குறையும். நான்கு பேர் இருக்கும் காரில் 300 வாட்டுக்கும் மேற்பட்ட வெப்பம் இலவசமாகக் கிடைக்கிறது. காரின் தகடும் கண்ணாடியும் அதை விரைவில் வெளியே இழந்துவிடுகின்றன என்பதால், காரைச் சூடாக்க முயல்வதைவிட, உடலைச் சுற்றி வெப்பத்தைத் தேக்கிவைப்பதே பயன் தரும்.

மேலே எத்தனை கம்பளி போர்த்துகிறோம் என்பதில் காட்டும் கவனத்தைப் பலரும் கீழே என்ன விரிக்கிறோம் என்பதில் காட்டுவதில்லை. மடக்கிய இருக்கையின் அடியில் குளிர்ந்த தகடும் காற்றும்தான் உள்ளன. உடலின் எடையால் அழுந்திய கம்பளி வெப்பத்தைக் காக்காது. நுரைப் பாய், யோகா விரிப்பு, அட்டைப் பெட்டி, உடைகள் நிறைந்த பை என எது கிடைத்தாலும் கீழே விரிப்பது நல்லது. மேலே ஒரே தடித்த உடையைவிட, மெல்லிய உடைகளை அடுக்கடுக்காக அணிவது பயன் தரும். ஈரமான பருத்தித் துணி வெப்பத்தை உறிஞ்சும் என்பதால், பனியில் விளையாடி நனைந்த காலுறைகளையும் உள்ளாடைகளையும் படுக்கும் முன் மாற்றிவிட வேண்டும். குழந்தைகளின் விஷயத்தில் இது மிக முக்கியம்.

ஈரத்துக்கு மற்றொரு ஊற்றும் உண்டு. உறங்குபவர்களின் மூச்சிலிருந்து வெளியேறும் நீராவி, மூடிய காரின் கண்ணாடியில் படிந்து உறைகிறது. விடியும்போது அது உருகிப் போர்வையில் சொட்டுகிறது. என்ஜின் அணைந்திருந்தாலும் கண்ணாடியை ஒரு விரற்கடை அளவு இறக்கிவைக்க வேண்டும் என்பதற்கு, காற்றோட்டத்துடன் இதுவும் ஒரு காரணம். காற்று வீசாத பக்கத்துக் கண்ணாடியைத் தேர்ந்தெடுத்தால் பனி உள்ளே வராது. மற்றக் கண்ணாடிகளைத் துண்டு, அட்டை, செய்தித்தாள் கொண்டு உட்புறமாக மறைப்பது குளிரைக் கணிசமாகக் குறைக்கும்.

குளிருக்கு இதமாக ஒரு மிடறு மது என்ற பழக்கம் இங்கு நேர்மாறான பலனைத் தருகிறது. மது தோலின் ரத்தநாளங்களை விரிவடையச் செய்வதால் கதகதப்பு போன்ற உணர்வு கிடைக்கிறது. உண்மையில் உடலின் உள்வெப்பம் விரைவாக வெளியேறுகிறது. உடலின் உள்வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழ் இறங்கினால் அது வெப்பத்தாழ்வு நிலை. நடுக்கம், குளறும் பேச்சு, பொத்தான் போடக்கூட வராத விரல்கள், பொருந்தாத பேச்சு ஆகியவை அதன் அடையாளங்கள். குளிர் குறையாமலே நடுக்கம் மட்டும் நின்றுவிட்டால், நிலைமை மோசமடைந்துள்ளது என்று பொருள். சாக்லேட், வேர்க்கடலை, வெல்லம் போன்றவற்றை உறங்கும் முன் உண்பது உடலுக்கு எரிபொருளாகிறது.

டீசலும் மின்சாரக் காரும்

தென்மாநிலங்களிலிருந்தோ டெல்லியிலிருந்தோ டேங்க் நிறைய டீசலுடன் புறப்படுபவர் அறிய வேண்டிய ஒன்று உண்டு. கடுங்குளிரில் சாதாரண டீசலில் உள்ள மெழுகு உறையத் தொடங்கி வடிகட்டியை அடைத்துவிடும். காலையில் என்ஜின் இயங்காது. லடாக் போன்ற பகுதிகளுக்கென, மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் நிறுவனம் 2019 நவம்பரில் அறிமுகப்படுத்தியது. பேட்டரியின் திறனும் குளிரில் குறையும் என்பதால், உள்விளக்கையும் பாட்டையும் இரவு முழுவதும் ஓடவிடுவது விவேகமன்று. ஹேண்ட் பிரேக்கும் உறைந்து பிடித்துக்கொள்ளக்கூடும். சமதளத்தில் கியரில் நிறுத்திச் சக்கரத்துக்குக் கல் வைப்பது மலைவாசிகளின் வழக்கம்.

மின்சாரக் கார்களில் புகையே இல்லை என்பதால் வாயு அபாயமும் இல்லை. ஹீட்டர் மணிக்கு 2 கிலோவாட் மணி மின்சாரத்தை எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், 40 கிலோவாட் மணி கொள்ளளவு கொண்ட பேட்டரி முழுவதும் நிறைந்திருக்கும்போது, கணக்குப்படி 20 மணி நேரம் தாங்கும். ஆனால், மலை ஏறியதில் பாதி ஏற்கெனவே செலவாகியிருக்கும். குளிரில் பேட்டரியின் திறனும் குறையும். மறுநாள் அடுத்த சார்ஜிங் நிலையம் வரை செல்லவும் வேண்டும்.

காரை விட்டு இறங்கலாமா?

பனிப்புயலின் நடுவே, சில கிலோமீட்டர் தொலைவில் ஊர் இருக்கும் என்று நம்பி நடக்கத் தொடங்குவது பொதுவாகத் தவறு. கார் காற்றைத் தடுக்கிறது. மீட்புக் குழுவினருக்கு எளிதில் தென்படுகிறது. தேசிய அவசர எண்ணான 112-க்குத் தகவல் தந்துவிட்டு, காரின் மேல் பளிச்சென்ற நிறத்துணி ஒன்றைக் கட்டிவிட்டு உள்ளே இருப்பதே நல்லது. பனிச்சரிவு அபாயமுள்ள சரிவின் கீழோ ஓடையின் குறுக்கேயோ கார் நின்றிருந்தால் மட்டும் இது பொருந்தாது. அங்கு காவல் துறையினரோ எல்லைச் சாலைகள் அமைப்பினரோ நகரச் சொன்னால் உடனே நகர வேண்டும்.

அருகிலேயே வீடுகள் தெரிந்தால் தயங்காமல் கதவைத் தட்டலாம். 2024 டிசம்பர் இறுதியில் காஷ்மீரின் சோனாமார்க் பகுதியிலிருந்து திரும்பும் வழியில் பனியில் சிக்கிய பஞ்சாப் சுற்றுலாப் பயணிகளுக்கு, கந்தர்பால் மாவட்டத்தின் குண்ட் கிராமத்தினர் தங்கள் மசூதியைத் திறந்துவிட்டு இரவு தங்கவைத்தனர்.

திட்டமிட்டே காரில் உறங்க எண்ணுபவர்கள், தாபாக்கள், பெட்ரோல் பங்குகள் போன்ற ஆள் நடமாட்டமுள்ள இடங்களில், அனுமதி பெற்று நிறுத்துவது உகந்தது. முதல் இரவிலேயே லே, காசா போன்ற 3,500 மீட்டருக்கு மேற்பட்ட இடங்களில் காருக்குள் படுப்பதைத் தவிர்க்க வேண்டும். அந்த உயரத்தில் மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் என்பதால், சிறிதளவு கார்பன் மோனாக்சைடும் அங்கு கூடுதல் தீங்கு விளைவிக்கும்.

மயங்கியவரைக் கண்டால்

காருக்குள் எவரேனும் மயங்கிக் கிடந்தால், முதலில் எல்லாக் கதவுகளையும் திறந்து, என்ஜினை அணைத்து, அவரைத் திறந்தவெளிக்குக் கொண்டுவர வேண்டும். அங்கும் குளிர் என்பதால் கம்பளியால் போர்த்த வேண்டும். மூச்சு இல்லையெனில், பயிற்சி உள்ளவர் உடனே இதய இயக்க மீட்பு முதலுதவியைத் தொடங்க வேண்டும்.

இந்த இடத்தில் நேரும் ஒரு பெருந்தவறு, கோவிட் காலத்திலிருந்து பல வீடுகளில் இருக்கும் பல்ஸ் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டிப் பார்ப்பது. கார்பன் மோனாக்சைடு பற்றிய ஹீமோகுளோபினையும் ஆக்சிஜன் பற்றிய ஹீமோகுளோபினையும் அந்தச் சாதாரணக் கருவியால் பிரித்தறிய முடியாது. உயிர் ஊசலாடும் நிலையிலும் அது 98 என்று காட்டக்கூடும். எண் சரியாக இருக்கிறது என்று காத்திருக்கும் நிமிடங்கள் உயிரிழப்பில் முடியலாம். மலைப்பயணத்துக்குப் புறப்படுபவர்கள் ஆக்சிமீட்டரையும் ஆக்சிஜன் கேனையும் மறவாமல் வாங்குகின்றனர். பேட்டரியில் இயங்கும் சிறிய கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியை வாங்குபவர்கள் அரிது. காரில் உறங்கும் எண்ணம் உள்ளவருக்கு முதலில் தேவைப்படுவது அதுதான்.

சாதாரணக் காற்றைச் சுவாசிப்பவரின் ரத்தத்தில் உள்ள கார்பன் மோனாக்சைடு பாதியாகக் குறைய நான்கு முதல் ஆறு மணி நேரம் ஆகும். முகக்கவசம் வழியாகத் தூய ஆக்சிஜன் கொடுத்தால் இது சுமார் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரமாகக் குறைகிறது. எனவே, தெளிந்து எழுந்து பேசத் தொடங்கியவரையும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். நினைவாற்றல் குறைவு, கவனச் சிதறல் போன்ற பாதிப்புகள் சில வாரங்கள் கழித்துத் தோன்றுவதும் உண்டு. மருத்துவரிடம் மறவாமல் சொல்ல வேண்டிய தகவல், அவர் மூடிய காருக்குள் என்ஜின் ஓட இருந்தார் என்பது. அதைச் சொன்னால்தான், ரத்தத்தில் இந்த வாயுவின் அளவைக் காட்டும் தனிப் பரிசோதனை தாமதமின்றிச் செய்யப்படும்.